ஆர்கானிக் வேதியியல் லேபில் புதிதாகச் சேர்பவருக்கு: முதல் வினையிலிருந்து முதல் வகுப்பு வரை

எம்.எஸ்சி. புராஜெக்டுக்கோ பிஎச்.டி.க்கோ ஆர்கானிக் லேபில் சேர வருபவருக்கு வினைவழிமுறை தெரியும், பெயர் வினைகள் தெரியும், நெட் தேர்வுக்காக நெட்டுருப் போட்ட வினைப்பொருள்கள் அத்தனையும் தெரியும். ஆனால் முதல் வாரமே சீனியர் கேட்கப்போகும் கேள்வி வேறு: "ஆர்.பி.யில இப்ப என்ன இருக்கு?" ஆர்.பி. என்றால் வினை நடக்கும் உருண்டை அடிக் குடுவை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல டி.எல்.சி. (கலவையைச் சிலிக்கா தகட்டில் பிரித்துப் பார்க்கும் முறை) வேண்டும், நோட்டு வேண்டும், என்.எம்.ஆர். (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் நிறமாலை) வேண்டும், கொஞ்சம் சந்தேக புத்தியும் வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் விளைச்சல் சதவீதத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால், 40 சதவீதம் வந்தாலும் வந்தது இன்னதுதான் என்று அடித்துச் சொல்லத் தெரிந்தவர் தேறிவிடுவார். 110 சதவீதம் வந்திருக்கிறது என்று சந்தோஷப்படுபவரின் குடுவையில் பாதி ஈதைல் அசிடேட் கரைப்பானாக இருக்கும்.

இங்கே ஒரே ஒரு வினையை எடுத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து என்.எம்.ஆர். வரை போகலாம். அப்புறம், ஆய்வு மாணவர் தலையில் எப்படியும் வந்து விழும் கற்பித்தல் வேலைக்கு வரலாம்.

சேருவதற்கு முன்

வழிகாட்டியின் பெயரைப் பார்ப்பதைவிட, அவர் லேபிலிருந்து கடைசி ஐந்து ஆண்டுகளில் வந்த கட்டுரைகளின் துணைத் தகவல் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு சேர்மத்துக்கும் என்.எம்.ஆர். படம் இருக்கிறதா, அடிக்கோடு சுத்தமாக இருக்கிறதா, செய்முறையை இன்னொருவர் படித்துச் செய்ய முடியுமா? இதைவிட நேர்மையான அறிமுகம் ஒரு லேபுக்குக் கிடையாது. அடுத்து, அங்கே முடித்துப் போன ஒருவரிடம் பேசுங்கள். கெமிக்கல் ஆர்டர் போட்டால் எத்தனை நாளில் வரும், என்.எம்.ஆர். வளாகத்திலேயே உண்டா, இல்லை சென்னை ஐஐடியில் உள்ள சைஃப் போன்ற பொது வசதிக்குக் கட்டணம் கட்டி அனுப்ப வேண்டுமா என்று கேளுங்கள். வெளியே அனுப்பும் லேப் என்றால் தப்பில்லை, நல்ல வேலை அங்கேயும் நடக்கிறது. ஆனால் முடிவு வரும்வரை அடுத்த படிக்குப் போகாமல் காத்திருக்க வேண்டிவரும். அதற்கேற்ப இரண்டு மூன்று வினைகளை ஒரே நேரத்தில் ஓட்டப் பழகிக்கொள்ள வேண்டும்.

உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து இளநிலை ஆய்வாளருக்கு (ஜே.ஆர்.எஃப்.) மாதம் 37,000 ரூபாய், முதுநிலை ஆய்வாளருக்கு (எஸ்.ஆர்.எஃப்.) 42,000 ரூபாய். மாதா மாதம் தேதி தவறாமல் வரும் என்று நம்பி வீட்டு வாடகைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முதல் நாள்: உடை, கழிவு பாட்டில், ஈதர்

பாதுகாப்புப் பயிற்சி என்று ஒரு மணி நேரம் உட்கார வைப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். நான் மூன்று விஷயங்களை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்.

ஒன்று, உடை. 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக லேபில் 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர் டெர்ஷரி பியூட்டைல் லித்தியத்தை சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தபோது பிளஞ்சர் கழன்று வந்துவிட்டது. காற்று பட்டதும் தீப்பிடிக்கும் திரவம் அது. அவர் லேப் கோட் போட்டிருக்கவில்லை. அணிந்திருந்த செயற்கை இழை ஸ்வெட்டர் பற்றிக்கொண்டது. 18 நாள் கழித்து இறந்துபோனார். பாலியெஸ்டர் எரியும்போது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பருத்தி உடை, பருத்தி லேப் கோட், பொத்தான் போட்டு. துப்பட்டாவையும் முந்தானையையும் கோட்டுக்கு உள்ளே செருகிக்கொள்ளுங்கள். கழற்றி மாட்டிவிட்டு வருவது இன்னும் நல்லது. நைட்ரைல் கையுறை எல்லாவற்றையும் தடுக்காது. டைகுளோரோமீத்தேன் அதைச் சில நிமிடங்களுக்குள் ஊடுருவிவிடும். மேலே பட்டால் உடனே கழற்றி எறிய வேண்டும்.

இரண்டு, கழிவு பாட்டில். நைட்ரிக் அமிலத்தை அசிட்டோனோ ஆல்கஹாலோ இருக்கும் பாட்டிலில் ஊற்றினால் வெடிக்கும். லேப் விபத்துகளில் நிறைய இப்படி, வேலையெல்லாம் முடிந்து கழுவும் நேரத்தில்தான் நடக்கின்றன. குளோரின் உள்ள கரைப்பான் தனி, குளோரின் இல்லாதது தனி, அமிலம் தனி. லேபிளைப் படித்த பிறகுதான் ஊற்ற வேண்டும்.

மூன்று, டைஎதில் ஈதர். அதன் கொதிநிலை 34.6 டிகிரி. நம் ஊர் மே மாதத்தில் அறை வெப்பமே அதைத் தாண்டிவிடும். வெயிலில் வந்து இறங்கிய பாட்டிலை நேரே திறந்தால் சீறும். குளிர வைத்துத் திறங்கள். திறந்த தேதியை பாட்டிலில் எழுதுங்கள். நாள்பட்ட ஈதரிலும் டெட்ராஹைட்ரோஃபியூரானிலும் (டி.எச்.எஃப்.) டைஆக்சேனிலும் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேரும். பொட்டாசியம் அயோடைடு சோதனை செய்யாமல் எவரும் அவற்றைக் காய்ச்சி வடிக்கக் கூடாது.

முதல் வினை: ஏற்கெனவே தெரிந்த சேர்மத்தைச் செய்யுங்கள்

புதிய மூலக்கூறு செய்யத்தான் வந்தோம் என்ற ஆசை எல்லாருக்கும் இருக்கும். முதல் மாதம் அது வேண்டாம். உலகம் முழுக்கப் பலர் செய்து, உருகுநிலையும் என்.எம்.ஆரும் எண்ணெண்ணாகப் பதிவாகியிருக்கும் ஒன்றைச் செய்யுங்கள். வந்த விடை சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க இடம் இருந்தால்தான் உங்கள் கை எப்படி என்று தெரியும்.

நான் கொடுப்பது சுசூகி இணைப்பு. 1979-ல் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் அகிரா சுசூகியும் நோரியோ மியாவ்ராவும் வெளியிட்ட வினை. 2010-ல் சுசூகிக்கு ரிச்சர்ட் ஹெக், எய்-இச்சி நெகிஷி ஆகியோரோடு நோபல் பரிசு பெற்றுத் தந்தது. பல்லேடியம் வினையூக்கியை வைத்து இரண்டு பென்சீன் வளையங்களை ஒட்டுவது அதன் வேலை. மருந்துக் கம்பெனி வேலைக்குப் போனாலும் இதைச் செய்யாமல் தப்ப முடியாது. நாம் எடுத்துக்கொள்வது 4-புரோமோஅசிட்டோபீனோனும் பீனைல்போரானிக் அமிலமும். வர வேண்டியது 4-அசிட்டைல்பைபீனைல்.

செய்முறையை எங்கே தேடுவது? உங்கள் நிறுவனத்தில் சைஃபைண்டர், ரியாக்சிஸ் போன்ற வேதியியல் தரவுத்தளம் இருந்தால் கட்டமைப்பை வரைந்தே தேடலாம். இல்லாவிட்டாலும் வழி உண்டு. 'ஆர்கானிக் சிந்தசிஸ்' என்ற தொகுப்பு 1921-லிருந்து வருகிறது, இணையத்தில் இலவசம். அதில் வரும் ஒவ்வொரு செய்முறையையும் வேறொரு லேபில் செய்து பார்த்த பிறகுதான் வெளியிடுவார்கள். அதனால் அங்கே எழுதியிருப்பதை நம்பலாம். ஜப்பானின் எஸ்.டி.பி.எஸ். தளத்தில் ஆயிரக்கணக்கான சேர்மங்களின் நிறமாலைகள் இலவசமாக உண்டு. நம் நாட்டு ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் கிடக்கின்றன. கட்டுரையில் இரண்டு வரியில் முடித்துவிட்டதை ஆய்வேட்டில் இரண்டு பக்கம் எழுதியிருப்பார்கள். அரசு நிறுவனம் என்றால் 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் சுமார் 13,000 ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. உங்கள் நூலகரிடம் போய் எப்படி நுழைவது என்று கேளுங்கள். கேட்காமலேயே காலத்தை ஓட்டிய மாணவர்கள் நிறையப் பேர்.

கணக்கும் நோட்டும்

எடை போடுவதற்கு முன்னால் நோட்டில் அட்டவணை போட வேண்டும். 1 மில்லிமோல் அளவில்: 4-புரோமோஅசிட்டோபீனோன் (மூலக்கூறு எடை 199) 199 மி.கி. பீனைல்போரானிக் அமிலம் 1.2 மடங்கு, அதாவது 146 மி.கி. பொட்டாசியம் கார்பனேட் 2 மடங்கு, 276 மி.கி. வினையூக்கி டெட்ராகிஸ்(டிரைபீனைல்பாஸ்பீன்)பல்லேடியம் 3 மோல் சதவீதம். இதன் மூலக்கூறு எடை 1156 என்பதால் 35 மி.கி. வரும். கரைப்பான் 4 மி.லி. டைஆக்சேன், 1 மி.லி. தண்ணீர். விளைபொருளின் மூலக்கூறு எடை 196. நூற்றுக்கு நூறு வந்தால் 196 மி.கி. கடைசியில் 167 மி.கி. கையில் இருந்தால் விளைச்சல் 85 சதவீதம்.

நோட்டில் எழுதுவது பற்றி ஒன்று. "வினை செய்தேன், முடிந்தது, 85 சதவீதம்" என்று எழுதினால் அது டைரி. போரானிக் அமிலம் எந்தக் கம்பெனி பாட்டில், எந்த பேட்ச், வினையூக்கி என்ன நிறத்தில் இருந்தது, எத்தனை மணிக்குச் சூடாக்கத் தொடங்கினீர்கள், எத்தனை மணிக்குக் கறுத்தது என்று எழுதினால்தான் அது லேப் நோட்டு. பேனாவில், நடக்கும்போதே எழுத வேண்டும். டிஷ்யூ பேப்பரிலும் கையுறையின் முதுகிலும் எழுதிவைத்து, சாயங்காலம் நோட்டுக்கு மாற்றலாம் என்பது நடக்காத காரியம். ஒவ்வொரு வினைக்கும் ஒரு எண்: உங்கள் இனிஷியல், நோட்டு எண், பக்க எண். அதே எண் குடுவையிலும் வயலிலும் (மாதிரி வைக்கும் சின்னக் குப்பி) என்.எம்.ஆர். கோப்பிலும் இருக்க வேண்டும். "புதுசு", "புதுசு-2", "ஃபைனல்" என்று பெயர் வைத்த வயல்களை மூன்று மாதம் கழித்து அடையாளம் கண்டுபிடித்தவர் எவரும் இல்லை.

வினையை ஏற்றுதல்

வினையூக்கியை முதலில் பாருங்கள். நல்லதாக இருந்தால் பளிச்சென்ற மஞ்சள். பழுப்போ பச்சையோ கலந்திருந்தால் காற்று பட்டுக் கெட்டுவிட்டது. அதை வைத்து வினை போட்டுவிட்டு வினையையே குறை சொல்வதில் அர்த்தமில்லை. குளிரில், இருட்டில், ஆர்கான் நிரப்பி மூடி வைக்க வேண்டிய பொருள் அது.

25 மி.லி. ஆர்.பி.யில் திண்மங்களைப் போட்டு, கரைப்பானை ஊற்றி, ஊசி வழியாக நைட்ரஜனை அல்லது ஆர்கானைப் பத்துப் பதினைந்து நிமிடம் குமிழ விடுங்கள். ஆக்சிஜனை வெளியேற்றத்தான் இது. அவசரத்தில் தவறவிட்டால் வினையூக்கி பாதியிலேயே செத்துவிடும், போரானிக் அமிலம் தனக்குத்தானே ஒட்டிக்கொண்டு பைபீனைல் ஆகும். கடைசியாக வினையூக்கியைச் சேர்த்து, கண்டென்சர் மாட்டி, மேலே அதே வாயு நிரப்பிய பலூன் வைத்து, எண்ணெய்த் தொட்டியில் 90 டிகிரிக்குச் சூடாக்குங்கள். வெப்பமானி தொட்டிக்குள் இருக்கட்டும். ஹாட் பிளேட்டில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம்.

கண்டென்சர் குழாய்களைக் கம்பி போட்டு இறுக்குங்கள். பகலில் எல்லாரும் தண்ணீர் திறந்திருப்பார்கள், அழுத்தம் குறைவாக இருக்கும். இரவில் எல்லாரும் போன பிறகு அழுத்தம் ஏறிக் குழாய் பிடுங்கிக்கொள்ளும். காலையில் லேபில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும், கீழ்த்தளத்துக்காரர் வாசலில் நிற்பார்.

டி.எல்.சி.: இதை மட்டும் அவசரப்படாமல் கற்றுக்கொள்ளுங்கள்

ஆர்கானிக் வேதியியலரின் கண் டி.எல்.சி.தான். ஒரு தகடு ஓட ஐந்து நிமிடம், செலவு மிகக் குறைவு. இருந்தும் மாணவர்கள் இதில்தான் கஞ்சத்தனம் பிடிப்பார்கள்.

வினைக்கலவையை நேரே தகட்டில் வைக்காதீர்கள். அதில் தண்ணீர் இருக்கிறது, கார்பனேட் இருக்கிறது, ஸ்பாட் இழுத்துக்கொண்டு ஓடும். ஒரு சின்ன வயலில் அரை மி.லி. ஈதைல் அசிடேட்டும் அரை மி.லி. தண்ணீரும் எடுத்து, வினையிலிருந்து இரண்டு துளி விட்டுக் குலுக்கி, மேல் அடுக்கிலிருந்து கேபிலரியில் (மெல்லிய கண்ணாடிக் குழாயில்) எடுங்கள். பென்சிலால் கோடு போட்டு மூன்று புள்ளி: இடது பக்கம் தொடக்கப்பொருள், வலது பக்கம் வினைக்கலவை, நடுவில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று. நடுவில் வைப்பதைத்தான் கோ-ஸ்பாட் என்கிறோம். அதை விட்டுவிட்டு வரும் மாணவரைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஏன் என்பதற்கு இந்த வினையே சாட்சி. 4-புரோமோஅசிட்டோபீனோனும் 4-அசிட்டைல்பைபீனைலும் ஹெக்சேன், ஈதைல் அசிடேட் 9:1-ல் கிட்டத்தட்ட பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. இரண்டுமே கீட்டோன், இரண்டுமே 254 நேனோமீட்டர் விளக்கில் கறுப்பாகத் தெரியும். தனித்தனிப் பாதையில் பார்த்தால் "சார், வினையே நடக்கவில்லை" என்பார்கள், அல்லது "முழுதும் முடிந்துவிட்டது" என்பார்கள். நடுப்பாதையில் ஒரே வட்டமாக இருக்கிறதா, மேலும் கீழும் நீண்டு எட்டு போலத் தெரிகிறதா என்று பார்த்தால்தான் உண்மை வெளிவரும். அப்போதும் சந்தேகம் என்றால் அதே தகட்டை உலர்த்தி, அதே கரைப்பானில் இரண்டாவது முறை ஓட்டுங்கள், இடைவெளி கூடும். அல்லது கரைப்பானை டொலுயீனுக்கு மாற்றிப் பாருங்கள்.

புறஊதா விளக்கோடு நிறுத்தாமல் 2,4-டைநைட்ரோபீனைல்ஹைட்ரசீன் கரைசலில் தகட்டை முக்கி எடுங்கள். கீட்டோன் இருக்கும் இடமெல்லாம் ஆரஞ்சு நிறம் வரும். தகட்டின் உச்சியில் விளக்குக்குத் தெரிந்து இதற்கு நிறம் மாறாத ஸ்பாட் ஒன்று இருந்தால், அது நான் மேலே சொன்ன பைபீனைலாக இருக்கலாம். கீழே இழுத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் டிரைபீனைல்பாஸ்பீன் ஆக்சைடு. விளக்கில் தெரியாத சேர்மங்களுக்குப் பெர்மாங்கனேட், அனிசால்டிஹைடு, அயோடின் சேம்பர் இருக்கின்றன. அமீன்களுக்கு நின்ஹைட்ரின்.

ஓர் உள்ளூர்க் குறிப்பு: ஐப்பசி கார்த்திகை மழையில் சிலிக்கா தகடு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஆர்.எஃப். மதிப்பு (கரைப்பான் ஏறிய தூரத்தில் ஸ்பாட் ஏறிய பங்கு) மாறும். போன வாரத் தகட்டோடு இந்த வாரத் தகட்டை ஒப்பிட்டு முடிவுக்கு வராதீர்கள். தகடுகளைச் சூட்டு அடுப்பில் கொஞ்சம் வைத்து எடுத்து, டெசிக்கேட்டரில் ஆற வையுங்கள். ஒவ்வொரு தகட்டையும் நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். போட்டோ எடுத்தாலும் வரையுங்கள்.

ஒர்க்கப்

ஒர்க்கப் என்றால் வினை முடிந்தபின் கலவையிலிருந்து பொருளைப் பிரித்தெடுக்கும் வேலை. கலவையை ஆற வைத்து, தண்ணீர் சேர்த்து, ஈதைல் அசிடேட்டால் மூன்று முறை பிரித்தெடுங்கள். சேர்த்த கரிம அடுக்கை உப்புக் கரைசலால் ஒருமுறை கழுவி, ஈரத்தை இழுக்க நீரற்ற சோடியம் சல்பேட் போடுங்கள். போட்டதெல்லாம் கட்டியாகிக் கண்ணாடியில் ஒட்டினால் இன்னும் போட வேண்டும். குடுவையைச் சுழற்றும்போது கொஞ்சமாவது தூளாக ஓடினால் போதும்.

ஈதைல் அசிடேட் தண்ணீருக்கு மேலே நிற்கும், டைகுளோரோமீத்தேன் கீழே போகும். குழப்பம் வந்தால் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள், எந்த அடுக்கில் கலக்கிறதோ அது நீர் அடுக்கு. விளைபொருளை எடை போட்டு முடிக்கும்வரை எந்த அடுக்கையும் சிங்கில் ஊற்றக் கூடாது. வேறு வினைகளில் பைகார்பனேட் போட்டுக் கழுவும்போது புனலைத் தலைகீழாகப் பிடித்து வாயுவை அடிக்கடி திறந்துவிடுங்கள், முகத்துக்கு நேரே வேண்டாம்.

கரைப்பானை ஆவியாக்கி எடுக்கும் ரோட்டாவாப்பில் கோடையில் ஒரு சங்கடம் உண்டு. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் வெந்நீராகவே வரும். அதைக் கண்டென்சரில் விட்டால் கரைப்பான் குளிராமல் பம்புக்குள் போய்விடும். சில்லர் இல்லாத லேபில் ஐஸ் தண்ணீரைச் சின்ன மோட்டார் வைத்துச் சுற்ற விடுவார்கள். அதுவும் இல்லையென்றால் இந்த வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

காலம் குரோமட்டோகிராபி: சிலிக்கா நிரப்பிய குழாயில் பிரித்தல்

1978-ல் கிளார்க் ஸ்டில்லும் அவரோடு இருவரும் வெளியிட்ட ஃபிளாஷ் முறை வந்த பிறகு, நாள் முழுக்க நடந்த பிரிப்பு வேலை சில நிமிடங்களுக்குச் சுருங்கியது. அதற்கு 230–400 மெஷ் அளவுள்ள நுண்ணிய சிலிக்காவும் காற்றழுத்தமும் வேண்டும். நம் கல்லூரி லேப்களில் 100–200 மெஷ்ஷும் புவியீர்ப்பும்தான் வழக்கம். நேரம் கூடும், பிரிப்பு மோசமில்லை.

200 மி.கி. கலவைக்கு 10 கிராம் சிலிக்கா வரை எடுத்துக்கொள்ளலாம். நமது இரண்டு ஸ்பாட்டுகள் நெருக்கமாக இருப்பதால் அதைக் குறைக்க வேண்டாம். ஹெக்சேனில் குழைத்து ஊற்றிக் குமிழி இல்லாமல் தட்டிப் படிய வையுங்கள். கலவையைக் குறைந்த டைகுளோரோமீத்தேனில் கரைத்து, கொஞ்சம் சிலிக்காவில் கலந்து உலர்த்தி மேலே தூவினால் பட்டை மெலிதாக விழும். முதலில் ஹெக்சேன் மட்டும், பைபீனைல் வெளியேறட்டும். அப்புறம் 2 சதவீதம், 4 சதவீதம் என்று ஈதைல் அசிடேட்டை ஏற்றுங்கள். உங்கள் பொருள் டி.எல்.சி.யில் ஆர்.எஃப். 0.25 அருகில் நிற்கும் கரைப்பான்தான் இங்கே சரி. சிலிக்கா ஒருபோதும் வறளக் கூடாது, வறண்டால் வெடிப்பு விழுந்து எல்லாம் கலந்து இறங்கும். ஒவ்வொரு சோதனைக் குழாயையும் ஸ்பாட் செய்யுங்கள். முதலிலும் கடைசியிலும் கலந்து வரும் குழாய்களைத் தனியாக வையுங்கள். விளைச்சலைக் கூட்டவேண்டும் என்று அவற்றையும் ஊற்றிக்கொள்ள மனம் சொல்லும். கேட்காதீர்கள்.

உருகுநிலை பாருங்கள். தொடக்கப்பொருள் 50 டிகிரியை ஒட்டியே உருகிவிடும், விளைபொருள் 120-ஐ ஒட்டி. என்.எம்.ஆர். இல்லாத கல்லூரியிலும் வினை நடந்ததா என்று ஒரு கேபிலரிக் குழாய் சொல்லிவிடும்.

என்.எம்.ஆரைப் படிப்பது

ஐந்திலிருந்து பத்து மி.கி.யை 0.6 மி.லி. டியூட்டிரோகுளோரோஃபார்மில் கரைத்துக் கொடுங்கள். கார்பன் எடுக்க 20 மி.கி. மேலேயே இருக்கட்டும். அதற்கு முன் வேக்கம் பம்பில் நன்றாக உலர்த்துங்கள்.

கையில் ஸ்பெக்ட்ரம் வந்ததும் முதலில் உங்கள் பொருளைத் தேடாதீர்கள், அழுக்கைத் தேடுங்கள். பி.பி.எம். அளவுகோலில் 7.26 கரைப்பான். 1.56 தண்ணீர். 4.12, 2.05, 1.26 மூன்றும் சேர்ந்து வந்தால் ஈதைல் அசிடேட். 5.30 டைகுளோரோமீத்தேன். 2.17 அசிட்டோன், என்.எம்.ஆர். குழாயைக் கழுவி உலர்த்தாதவரின் கையெழுத்து. 0.86-லும் 1.26-லும் மொட்டையாக நிற்பது கிரீஸ் அல்லது ஹெக்சேன். இவற்றைப் பென்சிலால் அடித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

4-அசிட்டைல்பைபீனைலுக்கு 8.03-ல் இரண்டு ஹைட்ரஜன், இரட்டைக் கோடு. கார்பனைல் தொகுதிக்கு அண்டையில் இருப்பதால் அவ்வளவு இடப்பக்கம் தள்ளி நிற்கின்றன. 7.69-லும் 7.63-லும் இரண்டிரண்டு. 7.47-ல் இரண்டு, 7.40-ல் ஒன்று. 2.64-ல் மூன்று ஹைட்ரஜனுக்கு ஒற்றைக் கோடு, அதுதான் மீத்தைல். தொடக்கப்பொருளின் மீத்தைலோ 2.59-ல் வரும். வெறும் 0.05 பி.பி.எம். வித்தியாசம்தான், ஆனால் 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் அது 20 ஹெர்ட்ஸ், தெளிவாகப் பிரிந்து நிற்கும். இரண்டிலும் மூன்று ஹைட்ரஜன் என்பதால் பரப்பளவுகளின் விகிதமே கலவையின் விகிதம். 2.64-க்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு முளை இருந்து, 7.82-ல் சின்ன இரட்டைக் கோடும் இருந்தால், டி.எல்.சி.யில் நீங்கள் ஒரே ஸ்பாட் என்று சொன்னது இரண்டு ஸ்பாட்.

கார்பன் ஸ்பெக்ட்ரத்தில் 14 கோடு தேடிப் பயப்படாதீர்கள். வளையங்களின் சமச்சீரால் தனித்த கார்பன் பத்துதான். அதிலும் 128.9-ஐ ஒட்டி இரண்டும் 127.2-ஐ ஒட்டி இரண்டும் உரசிக்கொண்டு நிற்கும். பெரிதாக்கிப் பார்க்காதவர் எட்டு என்று எண்ணிவிட்டு வருவார். 197.7-ல் கார்பனைல், 26.7-ல் மீத்தைல்.

தெரிந்த சேர்மத்துக்கு இவ்வளவு போதும். பின்னாளில் புதிய சேர்மம் செய்யும்போது ஆய்விதழ்கள் உயர்துல்லிய நிறைமாலையும் கேட்கும். உதாரணத்துக்கு, இதே சேர்மம் ஒரு புரோட்டானைச் சேர்த்துக்கொண்டால் கணக்கில் வரும் நிறை 197.0961. கருவி காட்டுவது அதிலிருந்து 5 பி.பி.எம்.முக்குள், அதாவது சுமார் 0.001-க்குள் இருக்க வேண்டும். திண்மம் என்றால் உருகுநிலையும் ஐ.ஆரும் (அகச்சிவப்பு நிறமாலை) கேட்பார்கள். ஒற்றைப் படிகம் கிடைத்தால் எக்ஸ்-கதிர் அமைப்பும் போடலாம், ஆனால் அது எல்லாவற்றுக்கும் கட்டாயமில்லை.

இதே வினையை இன்னொரு முறை, அளவைக் கூட்டிச் செய்யுங்கள். இரண்டு முறையும் விளைச்சல் பக்கத்தில் பக்கத்தில் வந்தால்தான் வழிகாட்டியிடம் போய் உங்கள் சொந்த மூலக்கூறைப் பற்றிப் பேசலாம்.

வகுப்புக்குப் போகும்போது

ஆய்வு மாணவர் ஆன கொஞ்ச நாளிலேயே பி.எஸ்சி. பிராக்டிகலுக்கு நிற்கச் சொல்வார்கள். பலர் இதை நேர விரயம் என்று முணுமுணுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் வகுப்பையும் அல்கலாய்டு ஆய்வையும் ஒரே கூரையின் கீழ் நடத்திய டி. ஆர். கோவிந்தாச்சாரிக்குத்தான் 1960-ல் வேதியியலுக்கான பட்நாகர் பரிசு கிடைத்தது.

முதல் விதி: மாணவர் செய்யப்போகும் சோதனையை முந்தின வாரம் அதே ஸ்டாக் பாட்டில்களை வைத்து நீங்களே செய்து பாருங்கள். அசிட்டனிலைடு தயாரிப்பு என்று கையேட்டில் அரைப் பக்கம்தான் இருக்கும். ஆனால் உங்கள் அனிலின் பாட்டில் பழையதாகிக் கறுத்திருந்தால் வரும் பொருளும் பழுப்பாகத்தான் வரும், கரித்தூள் போட்டு வடிகட்ட வேண்டியிருக்கும். அது முப்பது பேருக்கு முன்னால் தெரியவருவதைவிட முன்னாடியே தெரிவது நல்லது.

மறுபடிகமாக்கலில் கூடவே நில்லுங்கள். அசிட்டனிலைடு நூறு மி.லி. கொதிநீரில் சுமார் ஐந்தரை கிராம் கரையும், அறை வெப்பத்தில் அரை கிராம்தான். இந்த வித்தியாசத்தால்தான் படிகம் விழுகிறது. தண்ணீர் போதாமல் போனால் கரையாத மிச்சம் எண்ணெய் போல உருகி அடியில் நிற்கும். மாணவர் அதை அழுக்கு என்று நினைத்துக் கொட்டப் பார்ப்பார். தடுத்து, இன்னும் கொஞ்சம் கொதிநீர் சேர்க்கச் சொல்லுங்கள். எதிர்த்திசைத் தவறும் உண்டு, பீக்கர் நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு "மேடம், ஒண்ணுமே வரல" என்பார்கள். காய்ச்சிச் சுண்ட வைத்தால் வந்துவிடும்.

அடுத்த வாரம் அசிட்டனிலைடுக்கு புரோமின் ஏற்றும் சோதனை வரும். திரவ புரோமினைப் பி.எஸ்சி. மாணவர் கையில் கொடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. பொட்டாசியம் புரோமைடும் செரிக் அம்மோனியம் நைட்ரேட்டும் நீர் கலந்த எத்தனாலில் வைத்தே அறை வெப்பத்தில் அதே வேலை நடக்கும். பழைய முறைதான் பாடத்திட்டம் என்றால் புகைக் கூண்டுக்குள் நீங்களே அளந்து ஊற்றுங்கள். பக்கத்தில் சோடியம் தயோசல்பேட் கரைசல் தயாராக இருக்கட்டும்.

வினைவழிமுறை சொல்லித்தரும்போது பலகையில் முழுதாக எழுதிக் காட்டிவிடாதீர்கள், அவர்கள் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு மாணவரை அழைத்து முதல் அம்பை மட்டும் போடச் சொல்லுங்கள். பாதிப் பேர் புரோட்டானிலிருந்து அம்பைக் கிளப்புவார்கள். அம்பு எலக்ட்ரான் இருக்கும் இடத்திலிருந்துதான் புறப்பட வேண்டும், புரோட்டானில் எலக்ட்ரானே இல்லை. இது ஒன்று பதிந்துவிட்டால் பாடத்தில் பாதி தானாக வந்துவிடும். வைவாவில் "தயாரிப்பு முறை சொல்லு" என்பதற்குப் பதிலாக "ஏன் அசிட்டிக் அன்ஹைட்ரைடு, ஏன் அசிட்டிக் அமிலம் மட்டும் போதாது?" என்று கேளுங்கள். தெரியாதென்றால் யோசிக்க ஒரு நிமிடம் கொடுங்கள்.

ரெக்கார்டு திருத்தும்போது எல்லா நோட்டிலும் அசிட்டனிலைடின் உருகுநிலை 114 டிகிரி என்று அச்சடித்தாற்போல இருக்கும், முந்தின பேட்ச் நோட்டைப் பார்த்து எழுதியது. யாராவது 109 முதல் 112 என்று எழுதியிருந்தால் அவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள், கூட்டிப் போடுங்கள். அவர்தான் கருவியில் பார்த்து எழுதியவர். அப்புறம் அவரைக் கூப்பிட்டு, படிகத்தைச் சரியாகக் காய வைத்தாரா என்று கேளுங்கள். ஈரம் இருந்தால் உருகுநிலை இறங்கும். வடிதாளில் அழுத்தி உலர்த்தி, அடுத்த வகுப்பில் அதைப் புதிய குழாயில் நிரப்பி இன்னொரு முறை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.